இருபத்தேழு புள்ளி இரண்டு

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு சைக்கிளைப் பார்த்து, சாதாரணம்தான் என்று சொன்னேன். வியாழக்கிழமை மதியம் அது தப்பு என்று தெரிந்தது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வரிசையாக எழுதினால் எங்கே பிசகினேன் என்று தெரியும் என்று எழுதுகிறேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது வேறு.

பகலில் எனக்கு ஜவுளிக் கிட்டங்கியில் வேலை. விசைத்தறியிலிருந்து வரும் சேலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கண்ணாடி வைத்து எண்ணிச் சீட்டில் குறிக்க வேண்டும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை, திருவேங்கடம் சாலையில் செல்போன் கடை மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு. பதினோரு பேர் படிக்கிறோம். எல்லோருக்கும் ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போகும் எண்ணம். தினமும் ஏதாவது எழுதிப் பழகச் சொன்னார் சார். ஜப்பானிய மொழியில் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது, அதனால் மீதியைத் தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த நாற்காலி வாசிமுடையது. என்னைவிட நான்கு வயது சின்னவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வகுப்பு நடக்கும்போதும் மேசைக்கு அடியில் அவன் செல்போனுக்குள் யாராவது சைக்கிள் மிதித்துக்கொண்டே இருப்பார்கள்.

நான் சொன்ன சைக்கிள் அவனுடைய மாமா சித்தீக் பாயுடையது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டி, பைகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் ஷார்ஜாவில், ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் வந்திறங்கும் யார்டில் இருந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பும்போது கம்பளி, பால்பவுடர், தைலத்தோடு ஒரு பழைய ரேஸ் சைக்கிளையும் கார்கோவில் போட்டுவிட்டார். அதை வீட்டுக் கூடத்தில் கொக்கி அடித்து மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் இது சாதாரண இரும்பு இல்லை, உயர்ந்த எஃகுக் குழாய் என்று சொல்லி, இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். அவர் மனைவி மஹ்பூபா அதைக் கேட்கும்போதெல்லாம் சொல்வது எனக்கே மனப்பாடம்: "மத்த வீட்டு ஆம்பளைங்க வளையல் கொண்டு வந்தாக. எங்க வீட்டுக்கு ஜப்பான்காரன் தூக்கிப் போட்டதக் கொண்டு வந்தாக."

போன மாதம், கோயம்புத்தூரில் பழைய ஜப்பான் சைக்கிள்களைச் சேர்க்கிற ஒருவர் இதன் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்று பேசினார். வாங்க வருகிறவர் முன்னால் பழையதைப் பழையதாக நிறுத்துவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. வீடானாலும் வண்டியானாலும் பெயிண்ட் அடித்துத்தான் காட்டுவோம். சித்தீக் பாயும் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களையெல்லாம் பிளேடால் சுரண்டி, பச்சை எனாமலில் இரண்டு கோட் அடித்து, பளபளவென்று படம் எடுத்து அனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர் உடனே போன் போட்டாராம். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கும், தங்கே, இஷிவாட்டா என்று ஏதாவது குழாய்க் கம்பெனியின் பெயர் இருந்திருக்கும், இனி எதை வைத்து நம்புவது என்று கேட்டாராம். விவரம் தெரிந்த யாரையாவது வைத்து அளந்து சொல்லுங்கள், நல்ல குழாய் என்றால் சனிக்கிழமை புறப்பட்டு வருகிறேன், இல்லையென்றால் முந்நூறு கிலோமீட்டர் இழுக்காதீர்கள் என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஜப்பானிய எழுத்துப் படிப்பவள், எதையும் அளந்து குறிப்பவள் என்று வாசிம்தான் சொல்லியிருக்கிறான். படிப்பதற்கு அதில் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. மூன்று நாள் தேடிப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். சீட்டுக் கம்பி இறங்கும் குழாயின் வெளி விட்டம் இருபத்தெட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். மட்டமான குழாய் என்றால் சுவர் தடிமனாக இருக்கும், அதனால் உள்ளே ஒல்லியான கம்பிதான் இறங்கும். உயர்ந்த குழாயின் சுவர் மெல்லியது. இருபத்தேழு புள்ளி இரண்டு கம்பி இறங்கும். பட்டறை நல்லகண்ணு அண்ணாச்சியிடம் விட்டம் அளக்கும் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கிப் போயிருந்தேன். வாசிம் செல்போன் வெளிச்சம் பிடித்தான். சீட்டுக்குக் கீழே வெளியே தெரிந்த கம்பியை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இருபத்தைந்து புள்ளி நான்கு.

ஒன்று மட்டும் இடித்தது. கிட்டங்கியிலிருந்து கொண்டுபோயிருந்த கொக்கித் தராசில் தொங்கவிட்டபோது முழு சைக்கிளும் பத்து கிலோதான் இருந்தது. பின் சக்கரம் மாட்டும் காதும் வெட்டிய தகடு மாதிரி இல்லை. அடித்துச் செய்த இரும்பு மாதிரி கனமாக இருந்தது. இரண்டும் நல்ல வண்டியின் அடையாளம், ஆனால் அதெல்லாம் என் ஊகம். வெர்னியர் காட்டியது எண். நான் எண்ணை நம்பினேன்.

"சாதாரணம்தான் பாய்," என்றேன்.

சித்தீக் பாய் செல்போனை எடுத்தார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். பிறகு வாசிமைப் பார்த்து, நீயே வச்சுக்கோ, சும்மா கிடக்கதுக்கு ஓட்டு என்றார். மஹ்பூபா ஏணியைக் கொண்டுவந்து கூடத்துக் கொக்கியைக் கழற்றச் சொன்னார். எனக்கு டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

புதன்கிழமை வாசிம் அந்தச் சைக்கிளிலேயே வகுப்புக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம், பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். இரண்டு வருஷமாக இரவல் வண்டியில் போய்ப் பாதியில் திரும்பியவன். எங்களோடு படிக்கும் அனுவிடமும் என்னிடமும் மாறி மாறி அதையே சொன்னான். என் கை பட்டு ஒருவனுக்கு நல்லது நடந்ததே என்று இருந்தது. அப்படியும் தூக்கம் சரியாக வரவில்லை. அந்தப் பத்து கிலோ உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கிட்டங்கியில் மேஜை விசிறி லொடலொடவென்று ஆடியது. கணக்கப்பிள்ளை எண்ணெய் டின்னிலிருந்து ஒரு துண்டு தகரம் வெட்டி, தண்டைச் சுற்றி, உள்ளே செருகி அடித்தார். ஆட்டம் நின்றது. நான் இழை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றோ நான்கோ, எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இந்த ஊரில் எது லொடலொடவென்றாலும் தகரம்தானே சுற்றுவோம். மண்வெட்டிக் காம்பு, அடிபம்புக் கைப்பிடி, கதவுக் கீல். நான் அளந்தது குழாயை இல்லை. குழாய்க்குள் யாரோ செருகிய கம்பியை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிம் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். வெர்னியரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் சைக்கிள் நின்றது. சீட்டைக் கழற்று என்றேன். எதற்கு என்று கேட்டான். கழற்று என்று மட்டும் சொன்னேன். கம்பியோடு சேர்ந்து ஒரு தகரச் சுருளும் வெளியே வந்தது. சூரியகாந்தி எண்ணெய் டின். மஞ்சள் பூவின் பாதி அதில் இருந்தது. குழாயின் உள்வாயை அளந்தேன். ஐந்து தடவை அளந்தேன். இருபத்தேழு புள்ளி இரண்டு.

வாசிம் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் என்னால் முதலில் புரிந்துகொள்ள முடியவில்லை.

"ஒனக்குத் தெரியுமால?"

"நாந்தான சுத்துனேன்," என்றான். மூன்று வருஷத்துக்கு முன் மாமா மெக்காவுக்கு உம்ரா போயிருந்தபோது திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிப் பழைய கம்பியை வளைத்துவிட்டானாம். சைக்கிள் கடையில் கிடைத்த ஒல்லிக் கம்பியை மாட்டித் தகரம் சுற்றியிருக்கிறான்.

"அன்னைக்கு நீதான லைட்டு புடிச்ச. ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கலியேக்கா."

எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. அதே சமயம், கேட்கவில்லை என்பதும் உண்மை. அவன் தகரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்க, திங்கட்கிழமை நானே போய் மாமாட்ட சொல்லுதேன் என்றான். நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் கம்பியைத் திரும்பச் செருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலை வகுப்பில் நான் ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

மூன்று நாள்தானே என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். தப்பு என்னுடையது, திருத்தும் நாளும் என்னுடையது. யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்குப் போகும்போது வழக்கமான தெருவை விட்டு, பேருந்து நிலையத்தைச் சுற்றிப் போனேன். அப்படிப் போனால் சித்தீக் பாயின் கடை வழியில் வரும் என்பது தெரிந்துதான் போனேனா, தெரியாமலா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

அவர் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஜும்மா தொழுகைக்குப் போன இடத்தில் சிலர் சைக்கிளைப் பற்றிக் கேட்டுச் சிரித்ததாகச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, கோவிச்சுக்கிடாத. நீ அளந்ததுல ஏதும் பிசகு இருக்குமோ? இல்ல, பதினோரு வருசமா நாந்தான் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சனா?"

யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன் பாய் என்று சொல்லியிருக்கலாம். அதுகூடப் பொய் இல்லை.

"நான்தான் தப்பா அளந்துட்டேன் பாய். நல்ல குழாய்தான். நீங்க சொன்னது சரி."

நோட்டைத் திறந்து இரண்டு எண்களையும் காட்டினேன். தகரம் இருந்ததைச் சொன்னேன். யார் சுற்றியது என்பதைச் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கண்ணாடிக் கடைப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். போயிருக்க வேண்டாம்.

வாசிம் அவரிடம் கேட்டது ஒரே ஒரு நாள். ஞாயிறு மட்டும், ராத்திரிக்குள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்றான். சித்தீக் பாய் பூட்டைத் திறந்துகொண்டே, "இது ரோட்டுல போட்டு ஓட்டுத சாமானாடே?" என்றார். செவ்வாய்க்கிழமை ஓட்டு என்று கொடுத்தவர் அவர்தான். வாசிம் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

அங்கேயே நின்று அவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். நல்ல குழாய்தான், உறுதியாகிவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் நாளைக்கே புறப்படுகிறேன் என்றிருக்க வேண்டும். "அதுக்கில்ல சார். விக்கிற எண்ணம் இல்ல. நீங்களும் தெரிஞ்சுக்கிடணும்னு சொன்னேன்," என்றார் சித்தீக் பாய்.

சனிக்கிழமை மாலை மஹ்பூபா என்னைக் கடைவீதியில் பிடித்துக்கொண்டார். கூடத்தில் மறுபடி கொக்கி அடித்தாயிற்றாம். சுவர்க் காரை இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டதாம். "சாதாரணம்னு சொன்னப்ப எடம் காலியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். ஒன்ன யாரு மக்கா திரும்ப அளக்கச் சொன்னா?" என்றார். கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிமுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அனுவிடம் கேட்டதற்கு, அவள் அண்ணனின் கியர் இல்லாத வண்டியை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான் என்றாள். அன்று வெயில் அதிகம். மதியம் மூன்று மணிக்கு, இப்போது எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மணிக்கும் பார்த்தேன்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து வந்தான். நடை சரியில்லை. கழுத்தும் கையும் கறுத்திருந்தன. வேறு நாற்காலிக்குப் போவான் என்று நினைத்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். என் நோட்டை இழுத்து, என் பேனாவை எடுத்து, நான் காலையில் எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் 163 கி.மீ. என்று போட்டான்.

"மிச்சம் முப்பத்தேழு ஒங்க பேர்லக்கா," என்றான். சார் திரும்பிப் பார்த்ததால் இருவரும் பாடப் புத்தகத்தைத் திறந்தோம்.