பத்து நிமிடத் தாளம்

ஹாம்பர்க்கில் அந்த ஸ்டூடியோ அவர்களுக்கு நான்கு நாள்தான் கிடைத்திருந்தது. இன்று நான்காம் நாள். மாலை ஐந்து மணிக்கு வேறொரு கோஷ்டி வந்துவிடும். கெர்வின் டிரம்ஸ், உல்ஃபெர்ட் கித்தார். இரண்டே பேர் சேர்ந்து ஒரு முழு இசைத்தட்டு, அதுவும் முதல் தட்டு. பாட்டு என்று சொல்ல அதில் ஒரு வரி கிடையாது. கெர்வின் ஒரே தாளத்தைப் பத்து நிமிடம் கூட்டாமல் குறைக்காமல் அடிப்பான், அதன்மேல் உல்ஃபெர்ட் கித்தாரை இழுத்துக்கொண்டு போவான். நடுவில் நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி.

காலையில் உல்ஃபெர்ட் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனான். சுரங்க ரயிலுக்காக அங்கே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்திருந்தவர் துருக்கிக்காரர் நெவ்ஸாத். மைக்கைப் பார்த்ததும் படம் பிடிக்க வந்ததுபோலத் தலைமுடியைக் கோதிக்கொண்டாராம். அந்த இரைச்சலோடுதான் தட்டு தொடங்க வேண்டும் என்று உல்ஃபெர்ட்டுக்குப் பிடிவாதம். எந்த நாடா கைக்கு வந்தாலும் அதைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி ஓட்டியபோதுதான் கெர்வின் எழுந்து வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான். கான்கிரீட்டில் கடகடத்த இயந்திரம் ஓரிடத்தில் இரும்பில் பட்டது கேட்டது. குழாயாக இருந்தால் காலிப் பானைபோலக் கணீரென்று ஒலிக்கும். இது தானியம் நிறைந்த பானைபோல அடைத்து ஒலித்தது. உலகப்போரில் விமானங்கள் போட்டு வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த குண்டுகளை எடுப்பதே கெர்வினின் அப்பாவுக்கு வேலை. அந்த ஓசையை அவன் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறான்.

"குண்டுடா அது. உடனே போய் நிறுத்தச் சொல்லணும்."

"குழாயா இருக்கும். நெவ்ஸாத்தே சிரிச்சுக்கிட்டு இயந்திரத்தை ஓரமா நகர்த்திட்டாரு. நீ போய்ச் சொன்னா போலீஸ் வந்து நம்ம தெருவையும் சேத்துக் காலி பண்ணிடும். அப்புறம் நம்ம கதி?"

"அவரு கதி?"

"சாப்பாட்டு நேரம், எல்லாரும் மேல வந்திருப்பாங்க. பத்தே நிமிஷம். அடிச்சுட்டுப் போடா."

கெர்வின் போயிருக்க வேண்டும். கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு தாளத்துக்காகத்தான் சோறு போட்ட பழைய குழுவை இருவரும் உதறிவிட்டு வந்திருந்தார்கள். உட்கார்ந்தான், குச்சிகளை எடுத்தான்.

முதல் இரண்டு நிமிடம் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். பிறகு தாளம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. நெவ்ஸாத்தை மறந்தேவிட்டான். இத்தனை நன்றாகத் தான் ஒருநாளும் அடித்ததில்லை என்று அவனுக்கே தெரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது நிமிடத்தில் தரை ஒருமுறை அதிர்ந்தது. குச்சி படாத பித்தளைச் சிம்பல் தானாக முனகியது. சத்தம் புகாத சுவர்கள், வேறெதுவும் கேட்கவில்லை. உல்ஃபெர்ட் அவனைப் பார்த்தான். அவனும் பார்த்தான். கை மட்டும் நிற்கவில்லை. தன் கை நிற்காததைத் தானே பார்த்துக்கொண்டு மிச்சமிருந்த நேரத்தையும் அடித்து முடித்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் டாடே ஹெட்போனைக் கழற்றினார்.

"பிரமாதம்ப்பா. கடைசியில மட்டும் அடியில தொம்முன்னு என்னவோ விழுந்திருக்கு. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"

"வேணாம்," என்றான் உல்ஃபெர்ட். "தாளம் தப்பலையே."

கெர்வின் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தான். தெரு முழுக்கப் புழுதி. பள்ளம் இருந்த பக்கத்திலிருந்து யாரும் ஓடி வரவில்லை.