நாகலட்சுமியின் கால் இறங்கிய இடங்கள்

1969ஆம் வருஷம் லட்சுமி பூஜைக்கு மறுநாள் காலை, வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் குடியிருந்த நாகலட்சுமி அடுப்படியிலிருந்து எழுந்தபோது, அவளுடைய இரண்டு கால்களும் சிமெண்டுத் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கிவிட்டன. தரை விரிசல் விடவில்லை. காலை உருவியதும் தண்ணீர்போல் மூடிக்கொண்டது. அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்ததில், இரண்டடி ஆழத்தில் ஒரு பித்தளைக் கூஜா கிடைத்தது. வீட்டுக்காரர் கூஜாவை எடுத்துக்கொண்டு, தரையைப் பூசிக் கொடுத்தார்.

அவள் கணவர் பார்த்தசாரதி துறைமுக அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எந்தக் காலத்திலோ ஒரு உப்பு வியாபாரி படகுக் கொள்ளையருக்குப் பயந்து, ஏழு செப்புக் குடங்களில் பொன்னை நிரப்பி, பெஹாலாவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்கோ புதைத்துவிட்டுப் போனான் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்தசாரதியும், கரியாஹாட்டில் மளிகைக்கடை வைத்திருந்த முகமது இஸ்மாயிலும் ஒன்பது வருஷமாக ஞாயிறுதோறும் அதைத் தேடிவந்தார்கள். கிடைத்ததெல்லாம் ஆணியும் லாடமும்தான். ஆனாலும் புளிசாதப் பொட்டலமும் கடப்பாரையுமாகக் கிளம்பும்போது இருவருக்கும் முகத்தில் பத்து வயது குறைந்துவிடும்.

கூஜாவுக்குப் பிறகு நாகலட்சுமியையும் அழைத்துப் போனார்கள். கல்யாணமாகி இந்த ஊர் வந்து ஆறு வருஷத்தில் ரேஷன் கடையைத் தாண்டாதவள், ஆற்றங்கரையெல்லாம் நடந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பித்தளைக்குக் கணுக்கால் இறங்கியது, வெள்ளிக்கு முழங்கால். ஒரு கொலுசும் ஒரு கப்பல் மணியும் கிடைத்தன. தெருப் பெண்கள் தொலைந்த மூக்குத்தியைத் தேடவும் அவளைக் கூப்பிட்டார்கள்.

1971இல் புரட்சிக்காரர்கள் என்று போலீஸ் சந்தேகப்பட்ட வாலிபர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாக விசாரிக்கவில்லை. எதிர்வீட்டு மினதி தீதியின் தம்பி சுபீர், அச்சகத்தில் வேலை செய்தவன், மாசி மாதம் பிளேடு வாங்கப் போய்த் திரும்பவில்லை. மினதி தினமும் மத்தியானம் அவனுக்குத் தட்டு வைத்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வற்றிப்போன ஒரு குளக்கரையில் நாகலட்சுமி இடுப்பு வரை இறங்கினாள்.

"யா அல்லா! தங்கமேதான் தங்கச்சி!" என்று இஸ்மாயில் கடப்பாரையைத் தூக்கினார்.

நாலடியில் ஒரு கைக்கடிகாரம் தெரிந்தது. அதன் வார் ஒரு மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. வாரின் அறுந்த இடத்தை மினதி வெள்ளை நூலால் தைத்தபோது நாகலட்சுமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மூடிருவோம்," என்றார் பார்த்தசாரதி. "நாம எதையும் பாக்கல."

"சுபீருங்க அது."

"தெரியுது நாகு. வெளியூர்லேர்ந்து பொழைக்க வந்தவங்க நாம. உள்ள புடிச்சுப் போட்டா யாரு வருவா?"

இஸ்மாயில் கடப்பாரையைக் கீழே போட்டார். தோள் துண்டை எடுத்துக் குழிக்குள் விரித்துவிட்டு மண்ணைத் தள்ளினார்.

அதற்கப்புறம், அடியில் ஒன்றுமே இல்லாத மினதியின் வாசலில் நாகலட்சுமியின் கால் இறங்கத் தொடங்கியது. முதல் நாள் கணுக்கால். பத்தாம் நாள் முழங்கால். "கீ ஹோலோ லொக்கி?", என்ன ஆச்சு லட்சுமி, என்று கேட்டுக் கேட்டு மினதிதான் ஒவ்வொரு நாளும் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பதினேழாம் நாள் காய்கறிப் பையோடு மார்பு வரை இறங்கியவள், இறங்கிய நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மினதி அழவில்லை. முதலில் அவளை வெளியே தூக்கினாள். பிறகு உள்ளே போய், தம்பியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சுபீரை எடுத்துத் தகனம் செய்தார்கள். போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்ட பார்த்தசாரதி நாலாம் நாள் நொண்டிக்கொண்டு திரும்பினார். பதினோரு வருஷத்துப் புதையல் வரைபடங்களையும் கிழித்து அடுப்பில் போட்டார். ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லை.

அதன்பின் பித்தளைக்கும் வெள்ளிக்கும் அவள் கால் இறங்கவில்லை. பராநகர், காசிப்பூர், டாலிகஞ்ச் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் காணாமல் போனவர்களின் புகைப்படங்களோடு வந்தார்கள். முதல் இரண்டு தடவை நாகலட்சுமி தனியாகவே கடப்பாரையோடு போனாள். மூன்றாம் தடவை திரும்பிப் பார்த்தபோது, பார்த்தசாரதி மண்வெட்டியோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்.

"அவ்வளவு ஆழம் ஒன்னால தோண்ட முடியாது," என்றார்.

அடுத்த வாரம் இஸ்மாயிலும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், ஐந்தாறு புதுத் துண்டுகளோடு.

1978 பெருவெள்ளம் வருவதற்குள் பதினொரு பேரைக் கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். பராநகரிலிருந்து வந்த ஆரதி என்பவள் மட்டும் ஐப்பசிதோறும் மகனின் படத்தோடு வந்து, யாரோ சொன்ன ஒரு புது இடத்தைக் காட்டுவாள். நாகலட்சுமி நடப்பாள். தரை கெட்டியாக இருக்கும். "இன்னொரு தடவை," என்பாள் ஆரதி. மறுபடியும் நடப்பாள். அப்போதும் தரை இளகாது. இங்கேயும் அவன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆரதி முந்தானைக்குள்ளிருந்து சந்தேஷ் இனிப்புப் பெட்டியை எடுத்து ஆளுக்கு இரண்டாகக் கொடுப்பாள்.

1983இலும் அப்படியே நடந்தது. திரும்பி வரும்போது டிராம் கண்டக்டர் நாகலட்சுமியைப் பார்த்து, இன்றைக்குக் கால் இறங்கியதா என்று கேட்டார். இல்லை என்றாள். நல்லது என்று சொல்லி, மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போனார்.