அக்கா கேட்ட பக்கம்

பதினொரு வருடங்களுக்குப் பிறகு அக்கா அழைத்தபோது, செல்வராணி பத்து பாகாட் ஊரில் தன் வீட்டின் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ராணி, அந்தப் புக்க எடுத்துக்கிட்டு வா லா" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கம்மா போனை வைத்துவிட்டாள்.

எந்தப் புத்தகம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தையல் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்துகொண்டே, மதிய இடைவேளைகளில் செல்வராணி எழுதியவை ஐந்து நாவல்கள், மூன்று கவிதைத் தொகுப்புகள். மூன்றாவது நாவல்தான் பெயர் வாங்கித் தந்தது. கோலாலம்பூரில் பரிசு, சென்னையில் மறுபதிப்பு, பல்கலைக்கழகத்தில் பாடம். அது அக்கா மகள் லோஷினியின் கதை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில், பத்தொன்பது வயதில் விபத்தில் இறந்துபோனவள். அன்று காலைச் சண்டையில் மகளைப் பார்த்துத் தான் "போய்த் தொலை" என்று சொன்னதை, தங்கையிடம் மட்டும்தான் அங்கம்மா சொல்லி அழுதிருந்தாள். நாவலின் முதல் வரியே அதுதான். படிக்கத் தெரியாத அங்கம்மாவுக்குக் கோயிலில் யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாள் பஸ் பிடித்து அக்காவின் ஊரான லாயாங் லாயாங் போனாள். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அங்கம்மா பாதியாக இளைத்திருந்தாள்.

"பஞ்சிருல எல்லாம் போச்சு. ஆல்பம் தண்ணியில ஊறி, படமெல்லாம் வெள்ளையாயிருச்சு. இப்ப அவ மூஞ்சியே எனக்கு சரியா வரமாட்டேங்குது, ராணி. எப்படி இருப்பான்னு நீ எழுதியிருக்கியாமே? அத மட்டும் படி."

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு, செல்வராணி புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தை அவசரமாகத் தாண்டி, படித்தாள். ஈரத் தலையோடு கண்ணாடி முன் நிற்கும் பெண். சிரிப்பதற்கு முன்பே மூடிக்கொள்ளும் கண்கள். இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம்.

"மச்சமா?"

செல்வராணி நிறுத்தினாள். லோஷினிக்கு மச்சம் கிடையாது. எழுதும்போது அந்த முகத்தில் ஏதோ குறைந்தது, வைத்துவிட்டாள். விமர்சகர்கள் அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டிப் புகழ்ந்தார்கள். இப்போது இல்லையென்று சொன்னால், அந்தக் கண்களும் சிரிப்பும்கூடப் பொய்யாகிவிடும்.

"அக்கா..."

"இருந்துச்சு லா" என்றாள் அங்கம்மா. "நான்தான் மறந்துட்டேன். பெத்தவ நானே மறந்துட்டேன் பாரு. இன்னொரு தடவ படி."

செல்வராணி மறுபடியும் படித்தாள். மச்சத்தையும் விடவில்லை. அங்கம்மா கண்களை மூடிக்கொண்டு, தன் இடது கண்ணுக்குக் கீழே விரல் நுனியை வைத்து, மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.