நான்காவது போல்ட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் இதுவரை இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் சொன்ன சம்பவம் என்று ஒருவரிடம். கனவு என்று இன்னொருவரிடம். கனவு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

உண்மையில் இது பதினொரு வருடத்துக்கு முன்னால், என் அண்ணனின் கார் பட்டறையில், ஒரு மதிய வேளையில் நடந்தது. எஞ்சினின் பின்பக்கம், புகை வெளியேறும் குழாயை எஞ்சினோடு பிடித்து வைத்திருக்கும் ஆறு போல்ட்டுகளில் நான்காவது. மற்ற ஐந்தும் கழன்று வந்துவிட்டன. அது வரவில்லை. அவ்வளவுதான் கதை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"துரு என்பது இரும்பின் நினைவு. அது..."

வேண்டாம். துரு துருதான்.

இரண்டாவது தொடக்கம்:

"இறுகிப்போன அந்த போல்ட்டைப் போலவே, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே..."

இதையும் முடிக்கவில்லை. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இப்படிப்பட்ட வாக்கியங்கள் வருடத்துக்குக் குறைந்தது நூறு என் மேசையைக் கடந்து போகும். எழுத்துப்பிழை இல்லையென்றால் விட்டுவிடுவேன். இதை விட முடியவில்லை, ஏனென்றால் இது பொய். எங்கள் நடுவே எதுவும் இறுகிப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அதுதான் எனக்குச் சிரமம்.

மூன்றாவது தொடக்கம். இப்போதைக்கு இது நிற்கட்டும்:

அந்தத் தெருவில் அண்ணனுக்குக் 'கழட்டி' என்று பெயர். மற்ற பட்டறைக்காரர்கள் தங்களுக்கு மசியாத போல்ட்டுகளை வண்டியோடு தள்ளிக்கொண்டு வருவார்கள். "கழட்டி இருக்காரா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அண்ணி உள்ளிருந்து பதில் சொல்வார்: "இருக்காரு. ஊரான் போல்ட்டுன்னா உடனே கழட்டுவாரு. சமையக்கட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது, அதுக்குத்தான் நாள் பாக்கறாரு."

இருபத்துமூன்று வருடத்தில் அவர் கையில் ஒரு போல்ட்டும் உடைந்ததில்லை. சூடு காட்டுவார், எண்ணெய் விட்டுக் காத்திருப்பார், சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டுவார். கடைசியில் ஒன்று செய்வார். கழற்றுவதற்கு முன்னால் ஒரு மயிரிழை இறுக்குவார்.* ஒட்டிக்கொண்ட துரு அதில் விரிசல் விடும். பிறகுதான் எதிர்ப்பக்கம் திருப்புவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"உடையப் போறது கைக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்டா. மெத்துனு ஆகும். அங்கயே நிறுத்திடணும்" என்பார்.

* வேறு பட்டறைகளிலும் இப்படிச் செய்வதுண்டு. அவர் ஒருவர்தான் செய்வார் என்று முதலில் எழுதியிருந்தேன், பெருமைக்காக. அடித்துவிட்டேன்.

3

வண்டி ஒரு டாக்ஸிக்காரருடையது. காலையில் ஐந்து போல்ட்டுகளை எடுத்துவிட்டு, நான்காவதற்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, அண்ணன் சாப்பிட உள்ளே போனார். திரும்பி வந்தார். வளைய ஸ்பேனரை மாட்டினார். கண்ணை மூடினார். மயிரிழை இறுக்கினார்.

டிக்.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது. உடல் எஞ்சினுக்குள் நின்றுவிட்டது.

"விடுங்கண்ணே, வண்டிக்கு வயசாச்சு" என்றார் டாக்ஸிக்காரர். "நான் குனிஞ்சு எந்திரிச்சா என் முதுகும் இதே சத்தந்தான் போடுது."

அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார்.

"கை சொல்லலையே" என்றார்.

உடைந்த துண்டைத் துளைபோட்டு எடுக்க இன்னொரு பட்டறைக்காரரை வரவழைத்தார். அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்பேனரை மாட்டுவார், நிற்பார், எடுத்துவிடுவார். ஒரு மாதத்தில் பட்டறையை வேறொருவருக்கு விட்டுவிட்டார். இப்போது உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புது போல்ட்டுகளை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டில் ஜாடி மூடி இறுகியிருந்தால்கூட அண்ணியிடம் நீட்டுகிறார்.

"என் கைய இனி நம்பறதுக்கில்ல." இதை அவர் வருத்தமாகச் சொல்வதில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொல்கிறார்.

4

இதுவரை எழுதியதை அண்ணியிடம் காட்டினேன். அந்தப் பிரதியில் ஒரு தம்பியும் இருந்தான். எஞ்சினுக்குப் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

அண்ணி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரி தம்பி. இந்தத் தம்பிக்காரன் எதுக்கு வர்றான்? கல்யாண வீட்டுல வாசல்ல நிக்கிறவன் மாதிரி நிக்கிறான். ஒண்ணு அவனுக்கு வேலை குடுங்க, இல்ல அனுப்பிச்சிடுங்க."

அனுப்பிப் பார்த்தேன். அவன் இல்லாமலும் கதை நன்றாகவே நின்றது. துரு, வயது, விதி என்று வாசிப்பவர்கள் தாங்களாகவே காரணம் சொல்லிக்கொள்வார்கள். ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

5

அந்தப் போல்ட்டின் தலை பின்சுவரைப் பார்த்து இருக்கும். முன்னால் நிற்பவனுக்கு நேராகத் தெரியாது. கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் சுழற்சி மாறித் தெரியும். கழற்றும் பக்கம் இறுக்கும் பக்கம்போலத் தோன்றும்.

அன்று எனக்கு விடுமுறை. முப்பத்திரண்டு வயது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வருவதற்குள் கழற்றி வைத்துவிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். ஸ்பேனரை மாட்டினேன். போதாது என்று அதன் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகினேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் இழுக்க வேண்டியதை இடப்பக்கம் இழுத்தேன்.

அது அசைந்தது. கிரீச்சென்று கால் சுற்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வரவில்லை. அண்ணன் கை கழுவும் சத்தம் கேட்டதும் குழாயை எடுத்து மூலையில் வைத்துவிட்டேன்.

அவர் வந்து, கண்ணை மூடி, மயிரிழை இறுக்க இடப்பக்கம் இழுக்கத் தொடங்கினார். நான் இழுத்த அதே பக்கம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கழற்றுவதாக நினைத்து நான் இறுக்கியதில் இழுபட்டு இழுபட்டு எல்லைக்கு வந்துவிட்ட போல்ட் அது. இன்னொரு மயிரிழைக்கு அதில் இடமில்லை. கை எதைச் சொல்லும்?

வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு மூச்சு அளவு. (அரை மூச்சு என்று முதலில் எழுதினேன். ஒரு மூச்சுதான்.)

அதற்குப் பிறகு பதினொரு வருடமும் நேரம் இருந்தது.

6

முடிவுகள்.

அ. போல்ட் உடையவில்லை, கழன்று வந்தது. இதை எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன்.

ஆ. தம்பி சொல்லாமலே இருக்கிறான், அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இது எழுத வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கிறது.

இ. தம்பி எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை

7

போனேன். சாப்பாட்டு மேசையில் தாள்களை வைத்தேன். "போல்ட்டு கதையா?" என்று கேட்டுவிட்டு எடுத்தார். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய வாசிப்பார். 'கழட்டி' வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் விரல் நின்றது. மேலே போய்த் திரும்ப ஒருமுறை இறங்கி வந்தது.

"எவ்வளவு நீளக் குழாய்?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அது ரெண்டாள் பலம்டா."

"தெரியாதுண்ணே அப்ப."

"அப்ப நான் மயிரிழை இறுக்கினப்போ..."

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அண்ணன் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மீதி எங்க?"

"எழுதல."

தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினார். பிறகு, "பேனா இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். வாங்கினார். தாள்களை மடித்து, பேனாவோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

ஐந்து ஞாயிறுகள் ஆகின்றன. போகிறேன், சாப்பிடுகிறோம். நான் கேட்பதில்லை. தாள்கள் அவரிடம்தான் இருக்கின்றன. நீங்கள் வாசிப்பது என்னிடமிருந்த நகல்; ஏழாம் பகுதி பிறகு சேர்த்தது.

அச்சுக் கோப்பவரிடம் இதற்குக் கீழே எட்டு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன். முடிவு வேண்டும் என்று தோன்றினால் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்போ, வசவோ, எதுவானாலும். இங்கே மட்டும் எழுத வேண்டாம். இந்த இடம் அவருடையது.