கரி பூசாத தட்டு

திங்கட்கிழமை காலையில் அவள் பார்த்த திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தது. இரண்டு வருடமாக நாற்பத்தொன்றிலேயே நின்ற எண் அது. அந்த நாற்பத்தொன்றை நம்பித்தான் கட்டுரை அச்சுக்குப் போகிறது. புதன் மாலை ஐந்துக்குள் ஆய்விதழுக்கு அவள் 'சரி' சொல்ல வேண்டும். கட்டுரை வந்தால் ஆய்வுக்கூடத்தில் வேலை நீடிக்கும். வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் வேலை இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் இரும்புக் கூண்டுக்குள் துளி வாயுவை விட்டு, அதன்மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சுவாள். மோதுகிற எலக்ட்ரான் வாயு அணுவிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்கித் தள்ளும். மெதுவாக வெளியே வரும் அந்த இரண்டாவதைத்தான் அவள் எண்ணுவாள்; திரையில் வருவது அந்த எண்ணிக்கைதான். இதற்கும் ஒரு படிப்பு, ஒரு சம்பளம், ஒரு பயம்!

மத்தியானம் புருஷன் போன் செய்தான்.

"சாப்பிட்டியா?"

"ஐம்பத்தெட்டுன்னு வருதுங்க."

"என்னது, உன் எடையா?"

"வைங்க போனை!"

வாயு, மின்சாரம், எலக்ட்ரானை உமிழும் இழை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. இரண்டு வருடமும் தப்பாகவே எண்ணியிருந்தால் என்ன செய்வது?

செவ்வாய் காலை கூண்டைத் திறந்தாள். உள்ளே எதிரெதிராக இரண்டு வளைந்த தட்டுகள், உள்தட்டு ஒன்று, வெளித்தட்டு ஒன்று. மெதுவான எலக்ட்ரான்கள் அவற்றுக்கு நடுவே வளைந்துதான் எண்ணும் கருவிக்குப் போகும். அந்தத் தட்டுகளுக்கு மெழுகுவத்திப் புகையைக் காட்டிக் கரி ஏற்றி வைப்பது அங்கே வழக்கம். வழி தவறி வெறும் உலோகத்தில் முட்டுகிற எலக்ட்ரான் அதிலிருந்தும் நாலைக் கிளப்பிவிடும், அந்தப் போலிகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். கரி என்றால் பெரும்பாலும் விழுங்கிவிடும். இப்போது இரண்டு தட்டும் கண்ணாடியாய் மின்னின.

"யார் பண்ண வேலை இது?"

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான்தாம்மா. போன வாரம் இழை மாத்தும்போது தேய்ச்சேன். வெளியாளுங்க பார்க்க வர்றாங்கன்னாங்க, ஒரே கரியா அசிங்கமா இருந்துச்சு."

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐம்பத்தெட்டுதான் பொய். நாற்பத்தொன்று பிழைத்துக்கொண்டது.

பேராசிரியர் மட்டும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல மூளை எங்கய்யா போச்சு? மெமோ வரும், வாங்கிக்க." அவள் பக்கம் திரும்பி, "நீ கரியைப் பூசிட்டு ஒரு தடவை பாத்துட்டு, சரின்னு அனுப்பிடும்மா" என்றார்.

அண்ணன் தலைகுனிந்தபடி தட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் மெழுகுவத்தியைக் காட்டினாள். உள்தட்டு முடிந்து வெளித்தட்டை எடுத்தபோது அவர் கேட்டார்: "இதுக்குமாம்மா பூசணும்?"

"ஆமா, ஏன்?"

"இதுல கரியே இல்லையே. நான் திறந்தப்பவே பளபளன்னுதான் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் மத்ததையும் இப்படி ஆக்கணும்போலன்னு தேய்ச்சேன்."

மெழுகுவத்தி அவள் கையிலேயே நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் தட்டுகளை மாட்டியவள் அவள்தான். உள்தட்டு முடிந்ததும் மெழுகுவத்தி தீர்ந்துபோனது. மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள். மறுநாள் பேராசிரியர் அவசரப்படுத்த, மூடி முடுக்கிவிட்டாள். பாவி, அதோடு மறந்தே போனாள்.

ராத்திரி முழுக்க காற்றை உறிஞ்சும் பம்பு ஓடியது. புதன் மூன்று மணிக்கு எண்ணினாள். முப்பத்துமூன்று. மறுபடி எண்ணினாள். அதே முப்பத்துமூன்று. நாற்பத்தொன்றில் மீதி எட்டும் வாயுவிலிருந்து வந்ததே இல்லை, அவள் மறந்த தட்டிலிருந்து வந்தவை. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தான் சொன்னதன் அர்த்தம் அண்ணனுக்கே தெரியாது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேராசிரியர் கையில் ஒரு தாளோடு எட்டிப் பார்த்தார். "அனுப்பியாச்சா? அவனுக்கு மெமோவும் ரெடி."

அவள் அந்தத் தாளைக் காட்டினாள். "அதைக் கிழிச்சுடுங்க சார். வெளித்தட்டுக்கு நான் கரி பூசவே இல்ல. ரெண்டு வருஷமா. நிஜ எண் முப்பத்துமூணு."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள், 'அச்சிட வேண்டாம், எண் தவறு' என்று தட்டி அனுப்பினாள்.

வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணுமோம்மா?" என்று கேட்டார்.