எந்த வண்டி மோதியது?

ராஜதுரை கோபக்காரன் என்று ஆறுமுகநேரிக்கே தெரியும். அதற்காகக் கூடப்பிறந்தவன் கடை என்றுகூடப் பாராமல் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து ஷட்டரில் மோதுவான் என்று முத்துச்செல்வி கனவிலும் நினைக்கவில்லை. அப்பா தன் பலசரக்குக் கடையை இளையவனுக்கு எழுதிவைத்ததில் ராஜதுரைக்கு ஆறாத எரிச்சல். சத்தம் கேட்டு அவள் புருஷன் ஜெயகணேஷ் வெளியே ஓடிவந்தான். வண்டியை விட்டு இறங்கிய அண்ணன் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

தோளில் அடித்தான். தொடையில் அடித்தபோது எலும்பு முறிந்த சத்தம் அவள் காதில் விழுந்தது. மண்டையில் இறங்கியதும் ஜெயகணேஷ் கடை வாசலிலிருந்த பருப்பு மூட்டைமேல் சரிந்தான். பாவி அப்போதும் நிறுத்தவில்லை. முத்துச்செல்வி எடைக்கல்லை எடுத்து அவன் முழங்கையில் எறிந்த பிறகுதான் கம்பி கீழே விழுந்தது.

செய்வதையெல்லாம் செய்துவிட்டு, தம்பிக்கு மூச்சு இழுப்பதைப் பார்த்ததும் பெரிய மனுஷனுக்குக் கொலைக்கேஸ் பயம் வந்துவிட்டது. அவனே தூக்கி வண்டியில் போட்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு, தூத்துக்குடித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வாசலில் அவள் கையைப் பிடித்து முறுக்கினான்.

"ஏளா, ஆக்சிடெண்டுன்னு சொல்லு. ரோட்டுல அடிபட்டவனுக்கு முதல் ரெண்டு நாள் கவர்மெண்டே பாத்துக்கிடும்னு இப்ப திட்டம் வந்திருக்கு. அடிதடின்னா கிடையாது. வேற ஆஸ்பத்திரிக்கு அலையிற வரைக்கும் இவன் உசுரு நிக்குமா?"

அவன் சொன்னது நிஜம்தான், அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கடை வைத்திருப்பவர்கள் என்று அரசாங்கத்தின் பழைய காப்பீட்டில் இவர்களைச் சேர்க்கவில்லை. புதுத் திட்டமோ அட்டையும் கேட்காது, வருமானமும் கேட்காது. விபத்தாக இருந்தால் போதும்.

"ஆக்சிடெண்டு" என்றாள். நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் மத்தியானம், உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். முத்துச்செல்வி வாய்விட்டு அழுதாள். கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான் ராஜதுரை. விபத்து வழக்கு எழுத ஏட்டு வந்தார்.

"எந்த வண்டிம்மா மோதுச்சு?"

ராஜதுரை முந்திக்கொண்டான். "உப்பு லாரி சார். நிக்காமப் போயிட்டான்."

முத்துச்செல்வி எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தாள். கீழே அந்த லோடு ஆட்டோ, முன்பக்கம் நசுங்கி, பின்பலகையில் ரத்தம் காய்ந்து நின்றது.

"அந்தா நிக்கே, அந்த வண்டிதான் சார். இவருதான் ஓட்டுனாரு. வேணும்னே கொண்டாந்து ஏத்துனாரு. எங்க கடை ஷட்டரைப் போய்ப் பாருங்க."

ராஜதுரை காபி டம்ளரை வீசிவிட்டுப் பாய்ந்து அவள் கழுத்தை நெரித்தான். அவளுக்குக் கண் இருட்டியது. ஏட்டு அவனைப் பிடித்திழுத்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்.

"பொய் சொல்லுதா சார். நான் வண்டிய அவன்மேல ஏத்தவே இல்ல."

முத்துச்செல்வி கழுத்தைத் தடவிக்கொண்டே மூச்சு வாங்கினாள்.

"அப்ப உங்க தம்பிக்கு எதுல அடிபட்டுச்சுன்னு நீங்களே சொல்லுங்க, அத்தான்."

ஏட்டும் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தார்.