இருபத்து நான்கு வட்டங்கள்

அதிபர் அபூசாலி சேரின் பிரியாவிடைக்குப் படக்காட்சி செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் புவியியல் ஆசிரியை. பவர்பொயின்ற் எனக்குத் தெரிந்தது ஹாஜறாவால்தான்.

ஹாஜறா எங்கள் பாடசாலையில் ஐந்து வருடமாகக் கணினி படிப்பிக்கிறாள். தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லை. எங்கள் வரவுப் பதிவேட்டில் அவளுக்குக் கோடும் இல்லை. அலுவலகத்தில் அவளுக்கென்று தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது, அதில் தினமும் கையெழுத்து வைப்பாள். மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். முதல் மணிக்கு முன்னால் கணினி அறையின் மணலைக் கூட்டி முடித்திருப்பாள்.

ஆசிரியர் அறையில் என் மடிக்கணினியை வைத்து அவள்தான் சொல்லித் தந்தாள். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள்.

"படத்த அமத்துங்க ராத்தா. மேல வெட்டுறதுக்கு க்ரொப் எண்டு இரிக்கில்ல? அதுக்குக் கீழ ஒரு சின்ன அம்பு. அதுக்குள்ள ஷேப். என்ன வேணும்? வட்டமா, நட்சத்திரமா? சேருக்கு ஒரு ஹார்ட் போடுவமா?"

"சேர்ட பொண்சாதியும் வாறா புள்ள."

"அப்ப வட்டம்." சிரித்தாள். "வட்டம் கோழி முட்டையா இழுபட்டா இதுல ஒண்டுக்கு ஒண்டு எண்டு குடுங்க. சரியா வரும்."

சரியாக வந்தது.

கையில் இருந்தது ஒரே படம். முந்தின வருட ஆசிரியர் தினத்தில், பாடசாலையின் பெயரும் வருடமும் எழுதிய பதாகைக்கு முன்னால் அதிபரும் ஆசிரியர்களுமாக இருபத்தைந்து பேரும் நின்று எடுத்தது. அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தை மட்டும் வட்டத்துக்குள் கொண்டுவந்தேன்.

பாதியில் அபூசாலி சேர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வடிவா இரிக்கி. நிரந்தர ஆக்கள் மட்டும் போதும் டீச்சர். வலயக் கல்வி ஒஃபீஸ்லயிருந்தும் ஆக்கள் வருவாங்க."

பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் ஏன் தொண்டர் ஆசிரியரை வைத்திருக்கிறீர்கள் என்று கடைசி நாளில் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. எனக்கு அது விளங்கியது. இருபத்து நான்கென்றால் ஆறு ஆறாக நான்கு வரிசை. இருபத்தைந்தென்றால் ஒன்று தனியாகக் கீழே நிற்கும். இதையும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

படத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் தோளில் அவள் கை இருந்தது. அந்தக் கிழமை அவளுடைய மச்சிக்குக் கலியாணம். விரல் நுனியெல்லாம் மருதோண்டி. என் வட்டத்தை இடப்பக்கமாக நகர்த்தினேன். அவள் முகம் போனது, கை போனது. இரண்டு விரல் நுனிகள் போகவில்லை. இன்னும் நகர்த்தினால் என் கன்னம் வெட்டுப்படும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிரியாவிடையன்று புரொஜெக்டரைப் பொருத்தத் தெரிந்தவள் ஹாஜறா மட்டும்தான். மடிக்கணினிக்கு முன்னால் அவளே உட்கார்ந்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வட்டம் வரும்படி நான் வைத்திருந்தேன். பெயர் வாசிக்கப்பட்டது. அவள் அழுத்தினாள். முகம் வந்தது.

மூன்றாவது வரிசை நிறையும்போது விளையாட்டு ஆசிரியர் றிப்தி சத்தமாகச் சொன்னார்: "றுமைஸா டீச்சர் நம்மளையெல்லாம் ரொட்டி சுட்டு அடுக்கியிரிக்கா. சேர்ட ரொட்டி மட்டும் கொஞ்சம் தடிப்பு."

மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்தார். ஹாஜறாவும் சிரித்தாள்.

இருபத்து நான்காவது வட்டம் வந்தது. அவள் விரல் விசையின் மேல் நின்றது. அடுத்ததை அழுத்தினாள். கடல் வந்தது. அதன் மேல் "நன்றி" என்றிருந்தது.

தேத்தண்ணீர் நேரத்தில் அவளிடம் போனேன்.

"இடம் காணல்ல புள்ள. ஆறு ஆறா வந்ததால…"

"பரவால்ல டீச்சர்."

அதுவரை நான் அவளுக்கு ராத்தா.

இரண்டு கிழமை கழித்து, ஓய்வுப் பாடவேளையில் என் மேசைக்கு வந்தாள். தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகத் தேர்வு. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் ஆதாரம் வேண்டும். சி.ஆர். கொப்பி கார்த்திகை வெள்ளத்தில் அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டோடு ஊறிப்போயிருந்தது. புதிதாகப் பொறுப்பெடுத்த அதிபர், தான் காணாத வருடங்களுக்கு ஒரு தாளும் இல்லாமல் எப்படிச் சேவைக் கடிதம் எழுதுவது என்றாராம். மற்ற வருடங்களுக்கு அவள் ஏதோ தேடி எடுத்துவிட்டாள். ஒரு வருடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"ஆசிரியர் தினத்துப் படம் இரிக்கா டீச்சர்? பதாகையில வருசம் தெரியிற படம்."

"அது பழைய ஃபோனோட போயிட்டு புள்ள. போன கிழமதான் அது உடைஞ்ச."

உண்மைதான். உண்மையாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

"பிரசன்டேஷன்ல இரிக்குமே?"

"அதுல நீ இல்லயே."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பக்கத்து மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த றிப்தி தலை நிமிர்த்தவில்லை.

"இரிக்கன் டீச்சர்," என்றாள். "கொம்பியூட்டரத் திறங்க."

திறந்தேன். அவள் என் வட்டத்தைத்தான் தொட்டாள். க்ரொப்பை அழுத்தினாள். வட்டத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் முழுப்படமும் விரிந்தது. பதாகை, வருடம், இருபத்தைந்து பேர். என் பக்கத்தில் அவள். தோளில் கை.

"க்ரொப் பண்ணினா வெட்டின பக்கம் போறல்ல. மறைஞ்சி கிடக்கும். இத நான் ஒங்களுக்குச் சொல்லித் தரல்ல. அண்டைக்கு மணி அடிச்சிட்டு."

இருபத்து நான்கு வட்டங்கள். இருபத்து நான்கு முழுப்படங்கள். எல்லாவற்றுக்குள்ளும் அவள் நின்றிருந்தாள். மண்டபத்தில் அதை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது தெரிந்தேயிருக்கும்.

படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து தன் பென்டிரைவில் சேமித்தாள். பிறகு செய்ததையெல்லாம் பின்னுக்கு எடுத்து, என்னைத் திரும்பவும் வட்டத்துக்குள் வைத்தாள்.

"இந்த ஃபைல வலயத்துக்கும் அனுப்பணும் எண்டீங்கல்ல?"

"ஓம். நாளைக்குள்ள."

"அப்ப இப்பிடியே அனுப்பாதீங்க. யாரும் அமத்திப் பாத்தா நான் வந்துருவன்."

குரலில் குத்தல் இல்லை. எட்டாம் தரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரல்.

"இஞ்ச கொம்ப்ரஸ் எண்டு இரிக்கி. வெட்டின பகுதிய அழிக்கவா எண்டு கேக்கும். அதுல டிக் இரிக்கட்டும். இந்தப் படத்துக்கு மட்டும் எண்டதுல இரிக்கிற டிக்க எடுத்துருங்க. அப்பதான் இருபத்தி நாலுலயும் போகும்."

இரண்டையும் அவளே செய்தாள். பென்டிரைவைக் கழற்றினாள்.

"ஓகேய நீங்க அமத்துங்க."

மணி அடித்தது. அபாயாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

இந்தப் பெண் ஐந்து வருடமும் என் பக்கத்து அறையில் படிப்பித்தாள் என்று நான் ஒரு கடதாசியில் எழுதி ஒப்பமிட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை.

"என்ன டீச்சர், கொம்பியூட்டர் நிண்டுட்டா?" என்றார் றிப்தி.

"இல்ல சேர்."

ஓகேயை அழுத்தினேன். சேமித்தேன். அறுபது எம்.பி. இருந்த கோப்பு நான்காக இறங்கியது.

போய்விட்டதா என்று பார்க்க என் வட்டத்தைத் தொட்டு க்ரொப்பை அழுத்தினேன். சுற்றிலும் ஒன்றும் விரியவில்லை. என் முகமும் தோளும்தான். தோளில் இரண்டு விரல் நுனிகள், மருதோண்டிச் சிவப்போடு.

அப்படியே வலயத்துக்கு அனுப்பினேன்.